நற்குலக் கொடியும் கெட்ட கனியும்: திராட்ச விதைச் சான்று பற்றிய ஒரு திறனாய்வு

1945-இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது, மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து வந்த மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் வெளிப்பட்டன. கரிக்கலாம்பாக்கத்தைச் சூழ்ந்த சிற்றூர்ச் சபைகளில் திராட்சத்தோட்ட உவமைகளை விளக்குவோர் இவ்வகழ்வைச் சுட்டுவது இயல்பே. எனினும், சாடி மது வந்ததற்குச் சான்றாகுமேயன்றிக் கொடி வளர்ந்ததற்குச் சான்றாகாது. கொடியின் இயல்பை அறிய விதை வேண்டும்.

விதையைப் பற்றியே ஒரு தவறான விளக்கம் நம் அருளுரைகளில் இடம்பெற்றுவருகிறது. "காட்டுத் திராட்சையையும் தோட்டத் திராட்சையையும் தொல்லியலார் விதையாலேயே பிரித்துவிடுகின்றனர். ஏசாயா 5-இல் வரும் கெட்ட கனியும் காட்டுக்கொடியின் கனியே. பிறப்பு எப்படியோ கனியும் அப்படியே" என்பது அவ்விளக்கம். இது அறிவியலோடும் பொருந்தாது, மூலபாடத்தோடும் பொருந்தாது.

முதலில் அறிவியலை நோக்குவோம். காட்டுத் திராட்சை விதை பொதுவாக உருண்டையானது; அதன் காம்புப்பக்க நுனி குட்டையானது. தோட்டத் திராட்சை விதை நீண்டது, நுனியும் நீண்டது. 1911-இல் ஷ்டும்மர் என்பார் விதையின் அகலத்தை நீளத்தின் விழுக்காடாகக் கணக்கிட்டார். 44 முதல் 53 வரை தோட்ட வகை. 76 முதல் 83 வரை காட்டு வகை. இடைப்பட்ட 54 முதல் 75 வரை இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். மேலும், அகழ்விடங்களில் கிடைக்கும் விதைகளுள் பல தீயில் கரிந்தவை. கரியும் விதை நீளம் குறைந்து உருண்டுவிடுவதால், தோட்ட விதையும் காட்டு விதைபோல் தோற்றமளிக்கும். ஆகவே 1996-இல் மங்காபா, கொட்சாகிஸ் ஆகியோர் நுனியின் நீளத்தையும் விதையின் முதுகிலுள்ள சுழியின் இடத்தையும் சேர்த்தளக்கும் வாய்பாடுகளை வகுத்தனர். ஒற்றை விதையைக்கொண்டு தீர்ப்புரைக்க ஆய்வாளர் தயங்குகின்றனர்; ஒரே மண்ணடுக்கின் விதைகளைத் தொகுதியாக அளக்கின்றனர். அளந்தவரே தயங்குமிடத்தில் அளவாதவர் துணிவது முறையன்று.

இனி மூலபாடம். ஏசாயா கூறும் தோட்டக்காரர் நட்டது 'சோரேக்' என்னும் உயர்ந்த வகை. நம் பழைய மொழிபெயர்ப்பு அதை 'நற்குல' என்கிறது. விளைந்ததோ 'பெயுஷீம்'. நாறுதல் எனப் பொருள்படும் வேரிலிருந்து வந்த சொல் அது. கிரேக்க எழுபதின்மர் அதனை முட்கள் என்றனர். எரோனிமுவின் இலத்தீன் பெயர்ப்பே காட்டுத் திராட்சை என்றது. நம் பழைய மொழிபெயர்ப்போ கசப்பு என்கிறது. திராட்சத்தோட்டம் விதையால் அன்று, வெட்டிய தண்டை நட்டே உண்டாக்கப்படுவது. நட்ட நற்கொடி காட்டுக்கொடியாக மாறிவிடுவதில்லை. அக்கெட்ட கனியின் விதையை இன்று ஆய்வாளரிடம் கொடுத்தால், தோட்ட வகை என்றே அவர் கூறக்கூடும். ஏசாயாவின் குற்றச்சாட்டு கூர்மை பெறுவது இங்கேதான்: குலத்தில் குறையில்லை, கனியில்தான் குறை.

அக்கனி யாதென்பதை ஏழாம் வசனம் விளக்குகிறது. 'மிஷ்பாத்' என்னும் நியாயத்தைத் தேடிய ஆண்டவர் 'மிஸ்பாக்' என்னும் இரத்தஞ்சிந்துதலைக் கண்டார். 'செதாக்கா' என்னும் நீதியைத் தேடியவர் 'செயாக்கா' என்னும் அலறலைக் கேட்டார். ஓசையில் நெருங்கிய சொற்கள் பொருளில் எதிராகின்றன. அடுத்த வசனமோ வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்ப்போர்மீது ஐயோ எனக் கூறுகிறது.

சாதி இன்னும் சபைவாசலில் நிற்கும் நம் நாட்டில், 'நற்குலம்' என்னும் சொல்லைப் பிறப்புப் பெருமைக்குச் சான்றாக்குவது பாடத்தைத் தலைகீழாக்குவதாகும். தீர்க்கர் கண்டித்தது தாழ்ந்த குலத்தை அன்று. நற்குலமென்று தன்னை எண்ணியிருந்தும் நீதியைக் கனியாகத் தராத சமூகத்தையே. இப்பகுதியை அருளுரைக்கெனக் கையாளும் இளம் ஊழியர் விதையின் வடிவை ஆய்வாளரிடம் விட்டுவிட்டுத் தம் சபையின் கனியை ஆராய்வாராக.