ஈவா ஹெஸ்ஸே: பிறர் கைகளில் வளர்ந்த சிற்பம்

1969 ஏப்ரலில் சிற்பி ஈவா ஹெஸ்ஸேயின் மூளையில் கட்டி இருப்பது தெரியவந்தது. மூன்று அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகும் பிழைக்கவில்லை. 1970 மே மாதம் நியூயார்க்கில் இறந்தபோது வயது 34. ஹாம்பர்க்கில் யூதக் குடும்பத்தில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி, பத்து வயது நிரம்பும் தறுவாயில் தாயைத் தற்கொலைக்குப் பறிகொடுத்தவர். இந்தக் கதையை அறிந்து வருபவர்களுக்கு அவருடைய சிற்பங்களில் தொங்குவதெல்லாம் சதையாகவும் பழுப்பேறியதெல்லாம் நோயாகவும் தெரிகிறது. அது குறுகிய பார்வை. நோய் அவருடைய கருப்பொருளை மாற்றியதைவிட, வேலை செய்யும் முறையை மாற்றியதுதான் பெரிது.

‘ஆக்ஸெஷன்’ வரிசையில், தொழிற்கூடத்தில் செய்து வாங்கிய உலோகப் பெட்டியின் 30,000-க்கும் மேற்பட்ட துளைகளில் பிளாஸ்டிக் குழாய்களைத் தாமே கோத்தவர் அவர். வெளியே ஒழுங்கான கட்டம். உள்ளே எட்டிப் பார்த்தால் அடர்ந்த ரோமக் காடு. அந்தக் கைக்கு வலுக் குறைந்ததும் உதவியாளர்களை நம்பினார். முக்கியமாக, பிளாஸ்டிக் வேலை தெரிந்த டக் ஜான்ஸ். கடைசிப் படைப்பான ஏழு தூண்களில், அலுமினியக் கம்பியின் மேல் பாலித்தீன், அதன் மேல் கண்ணாடி இழையும் ரெசினும். ஒவ்வொன்றும் ‘எல்’ போல வளைந்து தரையில் பாதம் ஊன்றி நிற்கிறது. மேடுபள்ளங்கள் சீராக இல்லை. யார் விரல் எங்கே அழுத்தியது என்று பிரிக்க முடியவில்லை. பிறர் கையை அனுமதித்ததால் சிற்பம் தளர்ச்சியும் துணிச்சலும் பெற்றது. ஆனாலும் படைப்பாளர் என்ற இடத்தில் ஒரே பெயர்தான் நிற்கிறது. இந்தக் கூட்டுழைப்புக்கு விமர்சகர்கள் இன்னும் நியாயம் செய்யவில்லை.

அவரிடமே உள்ள குறை லேட்டக்ஸ், அதாவது ரப்பர் பால். ‘கன்டின்ஜென்ட்’ (1969) எட்டுத் தொங்கல்கள் கொண்டது. மெல்லிய துணியில் பூசிய ரப்பர் பால் நடுவிலும், கண்ணாடி இழை மேலும் கீழும். ஒளி ஊடுருவுவதுதான் அதன் உயிர். ஒளியும் காற்றும் பட்டுப்பட்டு ரப்பர் கருத்து, மொரமொரவென்று நொறுங்கத் தொடங்கும்; கண்ணாடி இழை அவ்வளவாகச் சிதையாது. வாங்குபவர்களை எண்ணிக் குற்றவுணர்வு கொண்டதாக அவரே ஒரு பேட்டியில் சொன்னார். அறிந்தே செய்தார் என்பதால் இழப்பு இழப்பில்லாமல் போய்விடாது. அவருடைய இன்னொரு லேட்டக்ஸ் படைப்பான ‘எக்ஸ்பாண்டட் எக்ஸ்பான்ஷன்’ பல பத்தாண்டுகள் கிடங்கில் கிடந்து, நீண்ட சீரமைப்புக்குப் பின் 2022-இல்தான் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் மீண்டும் பார்வைக்கு வந்தது. நாம் பார்ப்பது அவர் பார்த்த நிறமல்ல.

அவருடைய படைப்புகளில் என் தேர்வு 1970-இன் கயிற்றுச் சிற்பம். முடிச்சும் சிக்கலுமாக ரப்பர் பாலில் தோய்ந்த கயிறுகள், கூரையிலிருந்தும் சுவரிலிருந்தும் தொங்குகின்றன. அதிலும் ரப்பர் பழுதடையும் என்றாலும், உருவம் பூச்சின் பளபளப்பை நம்பி இல்லை. கயிற்றின் எடையையும், மாட்டுபவரின் தீர்மானத்தையும் நம்பியிருக்கிறது. பழைய புகைப்படத்தை வைத்து அதே வளைவுகளை மீட்க முனைந்தால் அந்தச் சிற்பத்தைக் கட்டிப்போட்டது போலாகும். மாட்டுபவருக்கு அவர் விட்டுச்சென்ற உரிமையை அருங்காட்சியகங்கள் தயங்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.