சீர்திருத்தச் சாலை இலக்கியத்தில் மேற்பார்வையாளன்

சிறை இலக்கியம் எனத்தக்க ஒரு வகை உலக மொழிகள் பலவற்றிலும் வளர்ந்துள்ளது. அடைக்கப்பட்டவனே பெரும்பாலும் எழுதுகோலை ஏந்துவதால் அவ்விலக்கியத்திற்கு இயல்பாகவே ஒரு வேகம் வாய்த்துவிடுகின்றது. ஆயின், அடைத்து வைப்பவனைப் பற்றி அது கூறுவன மிகச் சிலவே. வளர்ந்தோரின் மறியற்சாலையை வைத்து எழுதப்பட்ட நூல்களில் இக்குறை பெரிதாகத் தோன்றுவதில்லை. அங்கே காவலன் பூட்டுக்கும் திறப்புக்கும் மட்டுமே பொறுப்பானவன். அதற்கு மேல் அவனிடமிருந்து எவரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. இளங் குற்றவாளிகளுக்கான சாலைகளில் நிலைமை முற்றிலும் வேறு. அங்கே திறப்புக் கோவையை இடுப்பிற் கொண்டிருப்பவனே பையனைக் காலையில் எழுப்புகிறான். பல் துலக்கச் சொல்கிறான். சாப்பாட்டு மேசையருகே நின்று தலைகளை எண்ணுகிறான். சட்டைப் பையைச் சோதிக்கிறான். இரவிற் கனவுகண்டு அலறுபவனின் கட்டிலருகே முதலிற் போய் நிற்பவனும் அவனே. தகப்பனின் வேலையும் காவலனின் வேலையும் சம்பளத்துக்கு உழைக்கும் ஓர் ஆளிடம் ஒருங்கே ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன. இவ்விரு வேலைகளும் ஓருடலிற் குடியிருக்கக் கூடியனவா என்னும் வினாவை நமது காலத்துப் படைப்புகள் எவ்வாறு எதிர்கொண்டுள்ளன என்பதை நோக்குதல் பயனுடையதாகும்.

இங்கிலாந்தின் போர்ஸ்டல் முறை இவ்வினாவுக்கு அரசு கொடுத்த விடைகளுள் ஒன்று. கென்ற் மாகாணத்துப் போர்ஸ்டல் என்னும் கிராமத்துச் சிறையில் 1902 இல் றகிள்ஸ்-பிறைஸ் தொடங்கிய பரிசோதனை 1908 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நிலைபெற்றது. 1922 இற் சிறை ஆணையாளருள் ஒருவரான அலெக்சாந்தர் பற்றர்சன், ஆங்கில மேட்டுக்குடிப் பாடசாலைகளின் இல்ல அமைப்பை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே நட்டார். இல்லந்தோறும் ஒரு பொறுப்பாசிரியர். உத்தியோகத்தருக்குச் சீருடை இல்லை. இல்லங்களுக்கிடையே விளையாட்டுப் போட்டி. (நமது கல்லூரிகளின் இல்ல விளையாட்டுப் போட்டிகளும் அதே ஊற்றிலிருந்து வந்தவையே.) 1930 இல் லூவெலின் என்னும் அதிகாரி பெல்தம்மிலிருந்து நொற்றிங்காம்சயரின் லோடம் கிறேஞ்ச் வரை பையன்கள் சிலரையும் உத்தியோகத்தரையும் நூறு மைலுக்கு மேற் கால்நடையாக அழைத்துச் சென்று, மதிலற்ற முதற் போர்ஸ்டலை அங்கே நிறுவினார். இலங்கையில் 1939 இல் இயற்றப்பட்ட இளங் குற்றவாளிகள் பயிற்சிப் பாடசாலைக் கட்டளைச் சட்டமும் இம்முறையின் வழிவந்ததே. இங்கிலாந்தில் 1982 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் போர்ஸ்டல் என்ற பெயரே ஒழிக்கப்பட்டது. எண்பதாண்டுக் காலத்து நன்னம்பிக்கை அவ்வாறு முடிந்தது.

அலன் சிலிற்றோ 1959 இல் வெளியிட்ட 'நெடுந்தூர ஓட்டக்காரனின் தனிமை' என்னும் நெடுங்கதை அந்நம்பிக்கையின் மீது வீசப்பட்ட கற்களுட் கூரியது. பாண் கடையொன்றிற் பணம் திருடி, அதை வீட்டு மழைநீர்க் குழாயில் ஒளித்துவைத்து, மழையினாலேயே அகப்பட்டுக்கொண்ட சிமித் என்னும் இளைஞன் போர்ஸ்டலுக்கு வருகிறான். அவனது ஓட்டத் திறமையைக் கண்ட ஆளுநர், போர்ஸ்டல்களுக்கிடையிலான கோப்பையை அவன்மூலம் வெல்ல விரும்புகிறார். அவனோ முன்னணியில் ஓடி வந்து, எல்லைக் கோட்டுக்குச் சற்று முன்னர் வேண்டுமென்றே நின்று தோற்கிறான். நேர்மை என்ற ஒரே சொல் ஆளுநர் வாயில் ஒரு பொருளும் தன் வாயில் வேறொரு பொருளும் தருகின்றது என்பது அவன் கட்சி. ஆளுநரின் போலித்தனத்தைக் கிழித்துக் காட்டும் வகையில் இக்கதை வெற்றியே.

எனினும் ஒரு குறையைச் சுட்டாதிருத்தல் இயலாது. ஆளுநர் மேட்டுக்குடியினர், அவரை வெறுப்பது சிமித்துக்கு எளிது, வாசகனுக்கு அதைவிட எளிது. ஆயின் ஆளுநருக்கும் சிமித்துக்கும் இடையில் நிற்பவன் யார்? கதவைத் திறந்து அதிகாலையிற் சிமித்தை ஓட விடுபவன், தோற்றபின் அவனுக்குக் குப்பை சுமக்கும் வேலையும் தரை தேய்க்கும் வேலையும் ஏவி மேற்பார்ப்பவன் யார்? அவனும் சிமித்தின் தகப்பனைப்போல வாரக்கூலிக்கு உழைக்கும் தொழிலாளியே. வர்க்கப் பகைமையைத் தன் கதையின் முதுகெலும்பாகக் கொண்ட சிலிற்றோ, அப்பகைமை மிகச் சிக்கலாகும் இடத்தைத் தொடாமலே விலகிப் போய்விடுகிறார். 1962 இல் ரொனி றிச்சாட்சன் இக்கதையைத் திரைப்படமாக்கியபோது பிறவுன் என்னும் புதிய இல்லப் பொறுப்பாளன் ஒருவனைச் சேர்த்தார். உளவியல் கற்ற அவன், சொல்லுக்குச் சொல் கேட்டுப் பையனின் உள்ளத்தை அளக்க முயல்கிறான். நல்லெண்ணமுடைய அவனைக் கண்டு நாம் நகைக்கிறோம். நகைப்பதோடு படமும் அவனை விட்டுவிடுகின்றது.

பிறென்டன் பீகனின் 'போர்ஸ்டல் பையன்' (1958) இவ்வகையில் விரிந்த மனமுடைய நூல். 1939 டிசம்பரில், பதினாறு வயதில், ஐரிஷ் குடியரசுப் படைக்காக வெடிமருந்துடன் லிவர்பூலுக்குச் சென்று பிடிபட்டவர் பீகன். வோல்ற்றன் சிறையில் அவர் கண்ட காவலர் அடிப்பவர். அங்கே மதகுருவும் அவருக்குத் தேவதிரவியம் மறுக்கிறார். கடற்கரையிலுள்ள ஹொலெஸ்லி பேய் போர்ஸ்டலுக்கு வந்தபின் அவர் காணும் உத்தியோகத்தர் வேறு வகையினர். அவர்கள் நல்லவர் என்று பீகன் எங்கும் போதிப்பதில்லை. ஒவ்வொருவரையும் அவரவர் பேச்சினாலும் பழக்கத்தினாலும் வேறுபடுத்தித் தருகிறார். பிரித்தானியப் பேரரசை எதிர்த்து வந்தவன் அப்பேரரசின் ஊழியருள் மனிதரை இனங்காண்கிறான் என்பதே நூலின் வியப்பு. ஆயினும் பீகன் பார்ப்பது கட்டிலிற் படுத்திருப்பவனின் பார்வையே. கதவுக்கு அப்பால் நடந்துபோகும் சப்பாத்தின் ஒலி அவருக்குக் கேட்கின்றது. சப்பாத்தை அணிந்தவன் என்ன நினைத்துக்கொண்டு நடக்கிறான் என்பது கேட்பதில்லை.

அந்த மறுபக்கத்திலிருந்து எழுதப்பட்ட பெருநூல் ஒன்றே நம் கைக்கு எட்டியுள்ளது. அது அன்ரன் மக்கரெங்கோவின் 'கல்விக் காவியம்'. உள்நாட்டுப் போரினால் வீடிழந்து திருடியும் அலைந்தும் திரிந்த சிறுவருக்காக, 1920 இல் பொல்தாவா நகருக்கு அண்மையில் அமைக்கப்பட்ட குடியிருப்பின் பொறுப்பாளர் அவர். அது பின்னர் கோர்க்கியின் பெயரைத் தாங்கியது. மூன்று பாகங்களாக 1933 முதல் 1935 வரை வெளிவந்த இந்நூலை நம்மவர் பெரும்பாலும் சோவியத் கல்வியின் புகழ்மாலையாகவே படித்துவந்துள்ளனர். அவ்வாறு படிப்போர் அதன் தொடக்கத்திலேயே நிகழும் ஓர் அடியைத் தாண்டி விரைந்து செல்கின்றனர். அந்த அடியில் நின்று பார்த்தல் வேண்டும் என்பது எமது கருத்து.

முதல் மாரிகாலம். பையன்கள் எவ்வேலையும் செய்வதில்லை. ஆசிரியரை ஒரு பொருட்டாகவும் மதிப்பதில்லை. சமையலுக்கு விறகு வெட்டச் சொன்ன மக்கரெங்கோவிடம், அவரே போய் வெட்டலாம் என்று சதோரொவ் சிரித்தபடி கூறுகிறான். 'நீ' என ஒருமையில் விளித்துக் கூறுகிறான். அடுத்த கணம் மக்கரெங்கோ அவனை அடித்துவிடுகிறார், ஒருமுறையன்று, மும்முறை. ஆங்கிலத்தில் இந்நூலைப் படிப்போர்க்கு அவ்வொருமையின் உறைப்பை விளக்கிச் சொல்லவேண்டியிருக்கும். தமிழ் வாசகனுக்கு விளக்கம் வேண்டியதில்லை. நீ, நீர், நீங்கள் என்ற படிகளில் ஒன்று இடறினால் உறவே புரளும் மொழி நம்முடையது. உணவின்மையையும் திருட்டையும் பொறுத்துக்கொண்ட ஒருவரை வீழ்த்தியது ஒரு பிரதிப்பெயர்.

அடித்தபின் அவர் அப்பையன்களுடனேயே காட்டுக்கு மரம் வெட்டப் போகிறார். கோடரிகள் அவர்கள் கைகளில் இருக்கின்றன. எதுவும் நிகழவில்லை, வேலை ஒழுங்காக முடிகின்றது, சதோரொவ் இன்முகம் காட்டுகிறான். இவ்விடத்தில் ஒரு சாதாரண நூலாசிரியர் தடியின் பெருமையைப் பாடியிருப்பார். மக்கரெங்கோ அவ்வாறு செய்யாது, உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருத்தியின் கண்டனத்தைத் தம்மெதிரே நிறுத்துகிறார். தாம் கல்வியின் சட்டத்திலிருந்து வழுக்கி விழுந்ததை ஒப்புக்கொள்கிறார். சதோரொவ் தம்மிலும் வலியவன், திருப்பி அடித்திருந்தால் தாம் முடமாகியிருக்கலாம். அந்த ஆபத்தைத் தாம் ஏற்றதனாலேயே அவ்வடியில் அவர்கள் ஒரு மனிதனைக் கண்டார்கள் என்பது அவர் தரும் சமாதானம். அது முழுவதும் ஏற்கத்தக்கதன்று. சதோரொவ் திருப்பி அடித்திருந்தால் மக்கரெங்கோ மருத்துவமனைக்குப் போயிருப்பார். சதோரொவ் போயிருக்கக்கூடிய இடம் வேறு. ஆபத்து இருபுறமும் ஒரே எடையுடையதன்று. எனினும் மேற்பார்வையாளன் ஒருவன் தன் கையையே சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரித்த பக்கங்கள் இவ்விலக்கியத்தில் இவைபோல் வேறு இல்லை.

கரபானொவ் பற்றிய பகுதி இதற்கு மறுதலை. கொள்ளையிற் கைதேர்ந்த அவனிடம் குதிரை ஒன்றைக் கொடுத்து, நகரிலிருந்து ஐந்நூறு ரூபிள் பணத்தை வாங்கிவரும்படி மக்கரெங்கோ அனுப்புகிறார். பணத்துடன் திரும்பியவன் எண்ணிப் பார்க்கும்படி மன்றாடுகிறான். அவர் எண்ண மறுக்கிறார். பின்னர் இரண்டாயிரம் ரூபிளுக்கு அனுப்புகிறார். காவற்பணியின் சாரமே எண்ணுதல் அன்றோ! தலைகளை எண்ணுதல், கரண்டிகளை எண்ணுதல், திறப்புகளை எண்ணுதல். எண்ணாமல் விடுதல் என்ற ஒரு செயலினால் அப்பணியை அவர் தலைகீழாக்கினார்.

மேற்பார்வையைப் பையன்களிடமே கையளித்த அவரது அமைப்பும் கருதத்தக்கது. நிலையான அணிகளுக்கு அப்பால், குறித்த வேலைக்கெனச் சில நாட்கள் மட்டும் கூடும் கலப்பணிகளை அவர் ஏற்படுத்தினார். நிலையான அணியின் தலைவன் கூட, கலப்பணியிற் சேரும்போது சாதாரணப் பையன் ஒருவனின் ஆணைக்குக் கீழ்ப்படியவேண்டும். ஆணையிடுதலும் கீழ்ப்படிதலும் இடம் மாறிக்கொண்டேயிருந்தன. இதன் அருமையை அறிய வேண்டுமாயின் அலன் கிளாக் நெறியாள்கை செய்த 'ஸ்கம்' என்னும் படத்தை நோக்குக. பி. பி. சி. 1977 இல் தயாரித்துத் தானே ஒளிபரப்பாது தடுத்து, 1979 இல் திரைப்படமாக மீண்டும் எடுக்கப்பட்டது அது. அங்கும் ஒழுங்கைக் காப்பவன் ஒரு பையனே. அடித்து மேலெழுந்த கார்லின் என்பவனின் ஆதிக்கத்தை உத்தியோகத்தர் கண்டும் காணாதுவிட்டுத் தம் வேலையை இலகுவாக்கிக்கொள்கின்றனர். மக்கரெங்கோவின் தலைமை சுழல்வது. கார்லினின் தலைமை அடுத்த வலியவன் வரும்வரை அசையாதது. துன்புறுத்தப்பட்ட பையன் ஒருவன் இரவில் அழைப்புமணியை அழுத்துகிறான். பணியிலிருப்பவன் அதைப் பொருட்படுத்தாது விடுகிறான். விடியுமுன் பையன் இறந்துகிடக்கிறான். மேற்பார்வை என்ற தொழிலின் முழுப் பாரமும் அந்த மணியோசையில் அடங்கியிருக்கின்றது. ஆயினும் கிளாக் அவ்வுத்தியோகத்தனைக் கொடியவனாகவே நிறுத்திவிடுகிறார். களைத்தவனாகவோ பழகிப்போனவனாகவோ காட்டியிருந்தாற் படம் இன்னும் அச்சந் தருவதாய் இருந்திருக்கும்.

மக்கரெங்கோவிடமும் மௌனங்கள் உண்டு. அவர் 1928 இற் கோர்க்கிக் குடியிருப்பை விட்டு நீங்கியபின் முழுமையாகப் பொறுப்பேற்ற செர்சின்ஸ்கி வாழ்குழு, இரகசியப் பொலிசாரின் ஆதரவில் நடந்தது. வேலியில்லாக் குடியிருப்புக்கு வெளியே எத்தகைய வேலி நின்றது என்று அவர் கேட்பதில்லை. பையன்களின் குரல்களையும் நாம் அவர் வாயிலாகவே கேட்கிறோம். சதோரொவ் எழுதியிருந்தால் அவ்வடி எவ்வாறு தோன்றியிருக்குமோ!

இவற்றினும் பெரிதாக எமக்குப் படும் மௌனம் நூலின் முடிவுரையில் உள்ளது. பணத்தை எண்ணும்படி மன்றாடிய அதே கரபானொவ் வளர்ந்து, தானும் இத்தகைய சிறுவர்க்குப் பொறுப்பாளனாகின்றான். (அப்பாத்திரத்திற்கு மூலமான செமியோன் கலபாலினும் வாழ்நாள் முழுவதும் சிறுவர் இல்லங்களை நடத்தியவரே.) அவன் பொறுப்பிலிருந்த மனநோயுற்ற பையன் ஒருவன் அவனது மூன்று வயது மகனைக் கொன்றுவிடுகிறான். கரபானொவ் பணியை விட்டு ஓடவில்லை, எவரையும் சபிக்கவுமில்லை, தன் ஆசிரியருக்கு ஒரு சிறு கடிதம் எழுதுகிறான். அதில் துயரத்தை விடத் திகைப்பே மிகுந்திருந்தது என்று குறிப்பிட்டுவிட்டு மக்கரெங்கோ அடுத்தவரின் நலம் கூறச் சென்றுவிடுகிறார். நூற்றுக்கணக்கான பக்கங்களிற் பையன்களின் ஒவ்வொரு திருட்டையும் சிரிப்பையும் விரித்தெழுதிய பேனா, மறுநாட் காலை அதே விடுதியின் கதவைத் திறந்து அதே பையன்களை எழுப்பவேண்டியிருந்த அந்த மனிதனுக்கு ஒதுக்கியது சில வரிகளே.