காலங்கள் மாறிய திடலில் தற்காப்பும் தாக்குதலும்

சிரம்பான், போர்ட்டிக்சன் வட்டாரத்தில் ரந்தாவ், சிலியாவ், லிங்கி, சுவா என்று பால்மரக் காடுகளின் நடுவே அமைந்த தோட்டங்களில், விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்வெட்டு முடித்து, மாலையில் திடலுக்கு வந்து காற்பந்து ஆடிய தலைமுறையினரும், அவர்கள் ஆட்டத்தைக் கோட்டோரம் நின்று பார்த்து வளர்ந்த தலைமுறையினரும் ஓரிடத்தில் கூடும்போதெல்லாம் தவறாமல் எழுகின்ற தர்க்கம் ஒன்றுண்டு. அந்தக் காலத்துத் தற்காப்பு வரிசையை இந்தக் காலத்துத் தாக்குதல் ஆட்டக்காரர்கள் உடைத்திருப்பார்களா? இன்றைய தற்காப்புக்கு எதிரே அன்றைய கோல் மன்னர்கள் அத்தனை கோல்களை அடித்திருப்பார்களா? இதனை வெறும் பொழுதுபோக்குப் பேச்சென்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. ஒரு பரம்பரையின் தராதரத்தை எந்தப் பிரமாணங்கொண்டு நிச்சயிப்பது என்ற கேள்வியே அதனுள் அடங்கியிருக்கிறது.

அபிப்பிராய பேதம் தீராமல் நீடிப்பதற்குக் காரணம், ஒரே பெயருடைய ஆட்டம் காலத்துக்குக் காலம் வேறு சட்டங்களின் கீழ், வேறு பந்தைக்கொண்டு ஆடப்பட்டது என்பதை நாம் மறந்துவிடுவதுதான். 1925 ஆம் ஆண்டுக்கு முன்னர், பந்தைப் பெறுகின்ற தாக்குதல் ஆட்டக்காரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவரேனும் இருந்தாக வேண்டும். அவ்வாண்டு அந்த மூவர் இருவராகக் குறைக்கப்பட்டதும் கோல்கள் பெருகின. அந்த வெள்ளத்துக்கு அணையாகவே, அதுவரை ஆட்டத்தின் நடுநாயகமாக விளங்கிய சென்டர் ஹாஃப் பின்னே இழுக்கப்பட்டு, எதிரணி சென்டர் பார்வர்டை நிழல்போல் தொடரும் ஸ்டாப்பர் ஆக்கப்பட்டார். பின்வரிசையில் மூவர் நிற்கும் மரபு அவ்விதம் உண்டாயிற்று. 'மலாயா' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலார் வழங்கிய கிண்ணத்துக்காக 1921 இல் மாநிலங்கள் மோதத் தொடங்கிய காலத்தில் இந்நாட்டில் ஆடப்பட்டது பழைய சட்டத்தின் ஆட்டம். நெகிரி செம்பிலான் அக்கிண்ணத்தை வென்ற 1948 இல் ஆடப்பட்டது புதிய சட்டத்தின் ஆட்டம். மழையில் நனைந்தால் நீரைக் குடித்துக் கனத்துவிடும் தோற்பந்தும், சேறாகிவிடும் திடலும் அக்காலத்துத் தற்காப்புக்குக் கூலியில்லாத துணைவர்களாக இருந்தன என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

அத்தகைய பந்தையும் திடலையும் வைத்துக்கொண்டு, நெகிரி செம்பிலானில் பிறந்து சிலாங்கூருக்கு ஆடிப் பிரசித்தி பெற்ற அப்துல் கனி மின்ஹாட் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் 'பந்தின் ராஜா' என்று மலாய் மக்களால் கொண்டாடப்பட்டார். 1957 இல் தொடங்கிய மெர்டேக்கா போட்டியில் மலாயா 1958, 1959 ஆகிய ஆண்டுகளில் வெற்றி பெற்றதும், 1962 இல் ஜாகர்த்தா ஆசிய விளையாட்டில் வெண்கலம் கொணர்ந்ததும் அந்தத் தலைமுறையின் சாதனைகள். இதனிடையே, 1958 உலகக் கிண்ணத்தைப் பிரேசில் வென்றபோது பின்னே நால்வரை நிறுத்தி ஆடியதைப் பார்த்து, உலகெங்கும் அணிகள் அந்த முறையைக் கைக்கொள்ளலாயின. மூவர் மரபில் ஒருவரை ஒருவர் தொடர்வதே தர்மம்; நால்வர் மரபில் இடத்தைக் காப்பதும், ஒருவர் முன்னேறும்போது மற்றவர் பின்னே நின்று ஈடுசெய்வதுமே தர்மம்.

எழுபதுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்நாட்டுத் தற்காப்பு மரபு தன் உச்சத்தை அடைந்தது அப்போதுதான் என்பது என் நிச்சயமான அபிப்பிராயம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியா ஆடியபோது எம். சந்திரனும் சோ சின் ஆனும் அந்த அணியின் பின்வரிசையில் இருந்தனர். அமெரிக்காவை 3-0 என்று வென்ற அதே அணி, மேற்கு ஜெர்மனியிடம் 0-3 என்றும் மொராக்கோவிடம் 0-6 என்றும் தோற்றது. ஈராண்டுகளுக்குப் பின் 1974 இல் தெஹ்ரானில் ஆசிய விளையாட்டின் வெண்கலத்தைக் கைப்பற்றியது. பின்னர் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் நடுவில் இணைந்து நிற்க, அவர்களுக்குப் பின்னே கோல் கம்பங்களின் இடையில், நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கிய ஆர். ஆறுமுகம் நிற்க, சீனரும் சீக்கியரும் தமிழரும் சேர்ந்து கட்டிய அந்தச் சுவரை ஆசியாவின் வல்லணிகள் மதித்து நடந்தன. 1980 இல் தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஆடும் தகுதியை அவர்கள் பெற்றதும், ராஜீய காரணங்களால் மலேசியா அவ்வொலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அந்த வாய்ப்பு கைநழுவியதும் தோட்டங்களில் நெடுநாள் பேசப்பட்டவை. ஆறுமுகம் 1988 இல் சாலை விபத்தில் மாண்டபோது லயத்து வீடுகள் எத்தனையோ துக்கம் காத்தன; அந்த உயரத்தில் நின்று நம் ஜாதியாரில் ஒருவர் நாட்டையே காத்தார் என்ற பெருமிதம் அந்தத் துக்கத்திற்குள் இருந்தது.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். அக்காலத்தின் தலைசிறந்த தாக்குதல் ஆட்டக்காரர் மொக்தார் டஹாரி. நாட்டுக்காக அவர் அடித்தவை 89 கோல்கள் என்று உலகக் காற்பந்துச் சம்மேளனமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் அவரும் சந்தோக் சிங்கும் ஆறுமுகமும் சிலாங்கூர் அணியின் தோழர்கள். தேசிய அணியிலும் ஒரே பக்கத்தவர்கள். நாட்டின் மிகச்சிறந்த தாக்குதல் நாட்டின் மிகச்சிறந்த தற்காப்பை நேருக்கு நேர் சந்தித்தது பெரும்பாலும் பயிற்சித் திடலில்தான். அங்கே கோல்களை எண்ணி எழுதி வைப்பவர் எவருமில்லை. ஆகவே அந்த 89 என்ற எண் மொக்தாரின் மேன்மைக்குச் சான்றாகுமேயன்றி, அவரை நாள்தோறும் சோதித்துக் கூர்மையாக்கிய தற்காப்பின் மேன்மைக்கு எந்தப் புத்தகத்திலும் எண் இல்லை.

எண்கள் நிறைந்திருந்தால் மட்டும் தர்க்கம் தீர்ந்துவிடுமோ என்றால், அதுவும் இல்லை. ஒவ்வோர் அசைவையும் எண்ணிப் பதிவு செய்யும் அமெரிக்கத் தொழில்முறைக் காற்பந்தாட்டமே இதற்குச் சாட்சி. கவசமணிந்து முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடப்படும் அவ்வாட்டத்தில், தாக்குதலை நடத்துபவர் குவாட்டர்பேக் என்னும் எறிவீரர். 1959 இல் ஜானி யூனிட்டாஸ் 12 ஆட்டங்களில் 32 முறை எறிந்து புள்ளிக்கோட்டைக் கடக்க வைத்தார். 1984 இல் டான் மரீனோ 16 ஆட்டங்களில் 48 முறை. 2013 இல் பேட்டன் மானிங் அதே 16 ஆட்டங்களில் 55 முறை. எண்களை மட்டும் பார்ப்பவர் மானிங்கே முதல்வர் என்பார். ஆனால் 1978 இல் ஒரு சட்டம் வந்தது: எறிந்த பந்தைப் பிடிக்க ஓடுபவரை, தொடக்கக் கோட்டிலிருந்து முதல் ஐந்து கஜங்களுக்கு அப்பால் தற்காப்பு வீரர் இடித்துத் தடுக்கலாகாது என்று. அதற்கு முந்தைய ஆண்டான 1977 இல் அட்லாண்டா அணி 14 ஆட்டங்களில் 129 புள்ளிகளை மட்டுமே விட்டுக்கொடுத்தது. 2000 ஆம் ஆண்டில் பால்டிமோர் அணி 16 ஆட்டங்களில் 165 புள்ளிகளை விட்டுக்கொடுத்தது. ஓர் ஆட்டத்துக்கு முன்னது ஒன்பதுக்குச் சற்று மேல். பின்னது பத்துக்குச் சற்று மேல். எனினும் கைகள் கட்டப்பட்ட காலத்தில் அதைச் சாதித்த பால்டிமோரையே நான் உயர்த்திச் சொல்வேன். அந்த நியாயப்படியே, தற்காப்பு ஆட்டக்காரர் இடித்துத் தடுப்பதற்கு அந்தக் கட்டுப்பாடு இல்லாதிருந்த காலத்தில் யூனிட்டாஸ் கொடுத்த 32, பின்வந்தோரின் எண்களுக்கு எளிதில் தலை குனியாது.

நம் திடலுக்கும் அத்தகைய சட்டங்கள் வந்தன. தோழர் காலால் அனுப்பிய பந்தைக் கோல்காவலர் கையால் எடுக்கலாகாது என்ற 1992 ஆம் ஆண்டுச் சட்டம், தற்காப்பின் மிகப் பழைய புகலிடத்தை அடைத்தது. ஆறுமுகத்தின் காலத்தில் நெருக்கடி வந்தால் பந்தைப் பின்னே தட்டி அவர் கையில் சேர்த்துவிடலாம்; இன்றைய கோல்காவலரோ காலாலும் ஆட்டக்காரராக வேண்டும். பின்னாலிருந்து பாய்ந்து காலைத் தட்டுவதும் பெருங்குற்றமாயிற்று. 1989 இல் அரைத் தொழில்முறையும், 1994 இல் முழுத் தொழில்முறையும் வந்தபோது அயல்நாட்டுத் தாக்குதல் ஆட்டக்காரர்கள் வாடகைக்கு வந்தார்கள். உள்ளூர் இளைஞர் தாக்குதலில் இடம் கிடைக்காமல் பின்வரிசைக்கு நகர்ந்தார்கள். இதே காலத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் காலியாகி, தோட்டத் திடல்கள் பல புல் மண்டிப் போயின. ஆட்டக்காரரை உருவாக்கும் பணி தோட்டத்திலிருந்து பள்ளிக்கும் பயிற்சி நிலையத்துக்கும் போய்விட்டது.

1948 க்குப் பின் அறுபத்தோராண்டுகள் காத்திருந்து, 2009 இல் நெகிரி செம்பிலான் கிளந்தானை 3-1 என்று வென்று, பிற்பாடு மலேசியக் கிண்ணம் என்று பெயர் பெற்ற அதே கிண்ணத்தை மீட்டதும், 2011 இல் திரெங்கானுவை 2-1 என்று வென்றதும் இந்தப் புதிய மரபின் வெற்றிகள். அவ்வணியில் பக்கவாட்டில் பறந்து தாக்கியவரான எஸ். குணாளன், கே. ராஜகோபால் பயிற்றுவித்த தேசிய அணி 2010 இல் தென்கிழக்காசிய வாகை சூடியபோதும் அதில் ஒருவர். பின்னாளில் அவரே வலப்புறத் தற்காப்பு ஆட்டக்காரராக மாறினார். தாக்கத் தெரிந்தவனே காக்க வேண்டும், காக்கத் தெரிந்தவனே தாக்க வேண்டும் என்பது இன்றைய மரபின் நிபந்தனை. இந்த நிபந்தனையில் சந்தோக் சிங் தேறியிருப்பாரா என்று இளைஞர்கள் கேட்பது நியாயமே. ஆனால் நீரில் ஊறிய திடலில், இடித்து மோதும் எதிரியோடு, தொண்ணூறு நிமிடமும் நின்று தாக்குப்பிடிக்கும் பழைய நிபந்தனையில் இன்றையோர் தேறுவரா என்று முதியோர் திருப்பிக் கேட்பதும் அதே அளவுக்கு நியாயம். என் தீர்ப்பைக் கேட்டால், தற்காப்பில் எழுபதுகளின் அணிக்கும், ஆட்ட ஞானத்தின் பரப்பில் இன்றையோருக்கும் முதலிடம் கொடுப்பேன்.

சுவா வட்டாரத்துத் தோட்ட அணிகளைப் பொறுத்தவரை இந்த ஒப்பீட்டைச் செய்வதற்கு வேண்டிய சாதனங்கள் இன்னும் முற்றிலும் அழிந்துவிடவில்லை. கோல் அடித்தவர்களின் பெயர்களைப் பலரும் வாய்ப்பாடாகச் சொல்வார்கள். பின்னே நின்றவர்களின் பெயர்களைச் சொல்லத் தெரிந்தவர்கள் வயது முதிர்ந்த சிலரே. பழைய அணிப் படங்களை வீட்டில் வைத்திருப்போர், அவற்றின் பின்புறத்தில் வரிசைப்படி பெயர்களையும் ஆடிய இடத்தையும் எழுதி, குறிப்பாகப் பேக்குகள், கோல்காவலர் ஆகியோரைப் பற்றி எதிரணியில் ஆடிய எவரேனும் உயிரோடிருந்தால் அவரிடமே கேட்டெழுதி, இம்மலரின் அடுத்த வெளியீட்டுக்கு அனுப்பித் தருமாறு வேண்டிக்கொள்கிறேன்.