சாராமையும் சார்பும்: நகரப் பொருளாதாரக் கலைச்சொல் ஒன்று

வளரும் நாடுகளின் நகரங்களைப் பற்றிய நூல்களைத் தமிழாக்குவோர், தெருவணிகம், வீட்டுத்தொழில், சிறுபட்டறை முதலியவற்றை ‘முறைசாராத் துறை’ என்றோ ‘அமைப்புசாராத் துறை’ என்றோ குறிப்பர். இவ்வாட்சி பொருளுக்குப் பொருந்துகிறதா என்பது இங்கு ஆராயப்படுகிறது.

கானாவின் அக்ரா நகரை ஆராய்ந்த கீத் ஹார்ட் 1971இல் முன்வைத்த ஆங்கிலச் சொல் ஒரு தன்மையை மறுப்பது. முறையான வடிவம் பெறாதவை என்பதே அதன் பொருள். தமிழ்ச்சொல்லின் அமைப்பு வேறு. ‘சாரா’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ‘சார்’ என்னும் வினை உறவைச் சுட்டுவது. எனவே தமிழில் மறுக்கப்படுவது தன்மையன்று, உறவே. ‘அமைப்பினுள் அடங்காத’ என்பதே வழக்குப்பொருள் எனலாம். ஆயினும் தொடர்பின்மை என்னும் குறிப்பு நீங்குவதில்லை.

பிரேசில் நாட்டுப் புவியியலறிஞர் மில்டன் சாந்தோஸ் 1975இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட நூலில் இவ்வுறவையே முதன்மைப்படுத்தினார். நகரப் பொருளாதாரம் இரு சுற்றுகளாக இயங்குகிறது. வங்கியும் பேராலையும் ஏற்றுமதியும் மேற்சுற்று. சிறுவணிகமும் கைத்தொழிலும் கீழ்ச்சுற்று. இரண்டும் ஒரே நவீனமயமாக்கத்தின் விளைவுகள். பின்னது முன்னதைச் சார்ந்தது என்பது அவர் கருத்து.

மும்பை இதற்குச் சான்றாகும். 1982 சனவரியில் ஏறத்தாழ 2.5 இலட்சம் பஞ்சாலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் தொடங்கியபின், ஆலைகள் சில பிவண்டியின் விசைத்தறிகளில் துணி நெய்வித்துத் தம் முத்திரையுடன் விற்றன. பின்னர் ஆலைகள் நலிந்தன. 1991ஆம் ஆண்டின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகள் ஆலை நிலங்களை விற்க வழிசெய்தன. அந்நிலங்களில் அலுவலகங்களும் வணிக வளாகங்களும் எழுந்தன. நெசவோ, நகர எல்லைக்கு அப்பால் கூலி குறைந்த தறிக்கூடங்களில் தொடர்ந்தது. துணியும் சந்தையும் ஒன்றே. கூலியும் பணிப்பாதுகாப்பும் வேறு. இத்தறியாளரை ‘அமைப்புசாரா’ என்னும்போது, அவர்தம் உழைப்பால் பயன்பெற்ற ஆலை நம் பார்வையிலிருந்து மறைகிறது. அதன் பொறுப்பும் உடன் மறைகிறது.

சட்டத்தமிழிலும் ஆட்சித்தமிழிலும் வேரூன்றிய பெயரை மொழிபெயர்ப்பாளர் மாற்ற இயலாது. ஆனால் சாந்தோஸின் கோட்பாட்டைத் தமிழாக்குங்கால் ‘அமைப்புசாராத் துறை’ என எழுதுவது மூலக்கருத்தைத் தலைகீழாக்கும். ‘கீழ்ச்சுற்று’ என்பதே நேரிது. ‘கீழ்’ என்பதில் இழிவுப்பொருள் தொனிக்கும் என்பர், அது மெய்யே. எனினும் ஆதிக்க உறவை விளக்கும் கோட்பாட்டில் மேல், கீழ் என்னும் வேறுபாட்டை மறைப்பது தகாது. எதிர்மறைக் கலைச்சொல்லை ஆக்குவோர், அது எதனை மறுக்கிறது என்பதை முதலில் தெளிதல் வேண்டும்.