மூலையில் இருக்கும் லோகோவை எடுக்கலாமா?

சார்ட் லைப்ரரிகளைப் பற்றி டெவலப்பர்கள் கேட்கும் கேள்விகளில் அடிக்கடி வருவது இதுதான்: "சார்ட்டோட மூலையில வர்ற கம்பெனி பேரை எப்படி எடுக்கறது?" பதிலும் பெரும்பாலும் ஒரே மாதிரி: "அந்த ஆப்ஷனை ஃபால்ஸ்னு போடுங்க."

எப்படி எடுப்பது என்பதற்கு இது சரியான பதில். எடுக்கலாமா என்பதற்கு இதில் பதிலே இல்லை. லைப்ரரிக்கு லைப்ரரி அது மாறும் என்பதுதான் சிக்கல். மூன்றை எடுத்துப் பார்ப்போம்.

நார்வேயின் ஹைசாஃப்ட் நிறுவனம் 2009-ல் வெளியிட்டது ஹைசார்ட்ஸ். இதில் 'கிரெடிட்ஸ்' என்ற ஆப்ஷனை அணைத்தால் பெயர் போய்விடும். ஆனால் அந்தப் பெயருக்கும் லைசென்ஸுக்கும் சம்பந்தமில்லை. வணிகப் பயன்பாடு என்றால், பெயரை அப்படியே விட்டுவைத்தாலும் காசு கொடுத்து லைசென்ஸ் வாங்கத்தான் வேண்டும். மூல நிரல் கிட்ஹப்பில் திறந்து கிடக்கிறது, என்பிஎம்மில் ஒரே வரியில் இறங்குகிறது. அதனாலேயே இது ஓப்பன் சோர்ஸ் ஆகிவிடாது.

லிதுவேனியாவின் ஆம்சார்ட்ஸில் கதை வேறு. லோகோவோடு பயன்படுத்தினால் இலவசம். லோகோ வேண்டாமென்றால் லைசென்ஸ் வாங்கி, அந்த எண்ணை நிரலில் சேர்க்க வேண்டும். சும்மா மறைத்தால் அது மீறல்.

டிரேடிங்வியூவின் லைட்வெயிட் சார்ட்ஸ் அப்பாச்சி 2.0 உரிமத்தில் வருகிறது. லோகோவை அணைக்க ஆப்ஷனும் உண்டு. ஆனால் டிரேடிங்வியூவின் பெயரும் இணைப்பும் உங்கள் தளத்தில் வேறெங்காவது இருந்தாக வேண்டும்.

ஆக, ஒரே கேள்விக்கு மூன்று வெவ்வேறு பதில்கள். ஒன்றின் விதியை இன்னொன்றுக்குப் பொருத்திக்கொள்வதில்தான் குழப்பமே வருகிறது. ஆம்சார்ட்ஸில் பழகினவர், "பேரை விட்டு வெச்சா இலவசம்தானே"ன்னு ஹைசார்ட்ஸையும் நினைச்சுக்குவார்.

எம்ஐடி உரிமத்தில் வரும் சார்ட்.ஜேஎஸ் மாதிரி லைப்ரரிகளில் இந்தத் தலைவலி குறைவு. இஷ்டம்போல மாற்றலாம், விற்கலாம். ஆனால் காப்புரிமை அறிவிப்பை நீக்கக்கூடாது. பில்டின்போது கமென்ட்டுகளை எல்லாம் துடைத்துவிட்டால் அதுவும் சேர்ந்து போய்விடும். இதை யாரும் கவனிப்பதே இல்லை.

"சப்போர்ட்ல இருக்கறவங்க வக்கீல் இல்லையே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். சட்ட ஆலோசனை சொல்லச் சொல்லவில்லை. ஆப்ஷனைச் சொல்லும்போது, "உங்க லைசென்ஸ் எது, இதை விற்கப்போறீங்களா?" என்று ஒரு கேள்வி சேர்த்தால் போதும். லைப்ரரி செய்பவர்களும், அந்த ஆப்ஷனை விளக்கும் இடத்திலேயே நிபந்தனையை ஒரு வரியில் எழுதிவிடலாம்.

பெரிய கம்பெனிகளில் இதைப் பார்க்கத் தனி ஆட்கள் உண்டு. மாட்டுவது தனியாக வேலை எடுத்துச் செய்பவர்தான். வாடிக்கையாளருக்கு விலை சொல்லும்போது லைசென்ஸ் காசைச் சேர்த்திருக்க மாட்டார். பொருள் கைமாறியபின் தெரிந்தால், அது அவர் கூலியிலிருந்துதான் போகும்.