ஐம்பது கேபிக்குள் ஒரு முகம்

வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளையின் படம் 200க்கு 230 பிக்சலில், 20 முதல் 50 கேபிக்குள் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு 10 முதல் 20 கேபி. இலவசப் படத்திருத்த மென்பொருள்களை ஒப்பிடுகிறவர்களோ போட்டோஷாப்பைப் பக்கத்தில் நிறுத்தி, அதில் இருப்பது இதில் உண்டா என்றே பார்க்கிறார்கள். இது பிழையான அளவுகோல். வீட்டில் நடப்பது வெட்டுவதும் சுருக்குவதும் வெளிச்சம் கூட்டுவதும், அழைப்பிதழில் நாலு வரி எழுதுவதும்தான்.

அந்த நாலு வரியில் கிம்ப் ஜெயிக்கிறது. 1995இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களான ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மேட்டிஸும் தொடங்கிய மென்பொருள் இது. யூனிகோடில் தமிழ் அடித்தால் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நிற்கின்றன. போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் எழுத்தமைப்பு விருப்பத்தைத் தேடி மாற்றாவிட்டால், 'கொ'வின் ஒற்றைக் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய்விடும். பிளெக்ஸ் கடைகள் பல இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை விடாததற்கு இதுவும் ஒரு காரணம். 2025இல் வந்த 3.0 பதிப்பில், படத்துக்குக் கொடுத்த விளைவுகளைப் பிறகு திரும்ப வந்து மாற்றவும் முடிகிறது.

ஆனால் புதிதாக வருகிறவர் கடைசிப் படியில் தடுக்கி விழுகிறார். கன்ட்ரோல் எஸ் அழுத்தினால் கிம்ப் தன் சொந்த எக்ஸ்சிஎஃப் கோப்பாகத்தான் சேமிக்கும்; ஜேபெக் வேண்டுமென்றால் 'எக்ஸ்போர்ட்' என்ற தனி வழிக்குப் போக வேண்டும். அடுக்குகளைக் காப்பாற்ற இது நல்ல ஏற்பாடு. விண்ணப்பத்தின் கடைசி நாளில் இருப்பவருக்கு இது வேதனை.

விண்டோஸ் கணினி இருந்தால் அவருக்கு பெயின்ட் டாட் நெட் போதும். தேர்வுக் கருவியில் 200க்கு 230 என்று விகிதத்தைப் பூட்டி, முகத்தைச் சுற்றி இழுத்து, வெட்டி, அளவைக் குறைத்துச் சேமிக்கப் போனால், தரத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டை வரும். அதை நகர்த்த நகர்த்த கோப்பு எத்தனை கேபி ஆகும் என்று அங்கேயே காட்டும். விண்டோஸ் தவிர வேறெதிலும் ஓடாது என்பது அதன் பெரிய குறை.

போட்டோபியாவை நிறுவவே வேண்டாம், பிரவுசரில் திறந்தால் போதும். ஸ்டூடியோக்காரர் அனுப்பும் போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பையும் அடுக்கு கலையாமல் திறக்கும். விளம்பரங்கள் திரையில் இடம் பிடிப்பது எரிச்சல்தான். ஆனாலும் நான் அதைத் தயங்காமல் சொல்வதற்குக் காரணம், படம் நம் கணினியை விட்டு வெளியே போவதில்லை என்பதே. 'ஐம்பது கேபியாக்கித் தருகிறோம்' என்று அழைக்கும் தளங்கள் பலவற்றில் கையெழுத்தும் ஆதார் அட்டையும் முன்பின் தெரியாத சர்வருக்குப் போகின்றன. படம் எங்கே போகிறது? ஒப்பீடுகளில் முதலில் கேட்க வேண்டிய இந்தக் கேள்வியைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

நெட் சென்டர் கணினியில் இந்த வேலையைச் செய்தால், எழுந்திருக்கும் முன் டவுன்லோட்ஸ் போல்டரில் கிடக்கும் நகலை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட வேண்டும். இதை எந்த மென்பொருளும் நமக்காகச் செய்யாது.