எர்த் பார்க்கும் கலை

லாரிப் பட்டறையில் நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள் ஒயரிங் வேலை நடக்கும் பக்கம் அதிகம் போவதில்லை. பாடி கட்டும் இடத்தில் வெல்டிங் பொறி பறக்கிறது. பெயின்டர் பலகையில் மயிலும் தாமரையும் விரிகின்றன. எலெக்ட்ரீசியன் வண்டிக்கடியில் குந்தியிருப்பார். வெளியே தெரிவது அவர் செருப்பு மட்டும்தான். ஆனால் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்துப் பட்டறைகளில் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தவர்கள் இந்தச் செருப்புக்காரர்கள்தான். அதிலும் ‘டிரெய்லர் லைட் சரியில்லை’ என்று ஒரு வண்டி வந்து நின்றுவிட்டால் நான் வந்த வேலையை மறந்துவிடுவேன்.

சாதாரண லாரியில் ஒயர் எல்லாம் ஒரே சேஸிஸில் ஓடுகிறது. டிரெய்லரில் இரண்டு வண்டிகள். நேற்று வேறொரு முன்வண்டியோடு துறைமுகம் போய் வந்த டிரெய்லர் இன்று இந்த முன்வண்டிக்குப் பின்னால் நிற்கும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் குறை இருக்காது, சேர்த்தால் கோளாறு. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு சுருள் கேபிளும் ஏழு பின் உள்ள ஒரு பிளக்கும்தான்.

அந்தப் பிளக்கையே கொஞ்ச நேரம் ரசிக்கலாம். 24 வோல்ட் கனரக வண்டிகளுக்கான ஐஎஸ்ஓ 1185 தரத்தில் ஒன்றாவது பின் எர்த், அதற்கு வெள்ளை ஒயர். இரண்டு, இடப்பக்க டெயில் விளக்கு, கறுப்பு. மூன்று, இடது இண்டிகேட்டர், மஞ்சள். நான்கு, பிரேக் விளக்கு, சிவப்பு. ஐந்து, வலது இண்டிகேட்டர், பச்சை. ஆறு, வலப்பக்க டெயில் விளக்கு, பழுப்பு. ஏழு, டிரெய்லர் பிரேக் கட்டுப்பாடு போன்ற துணை வேலைக்கு, நீலம். டெயில் விளக்கை இடம், வலம் என்று இரண்டு பின்னில் பிரித்துவைத்ததில் ஒரு நிதானம் இருக்கிறது. ஒரு பக்கத்து பியூஸ் போனாலும் மறுபக்கம் எரிந்து, முன்னால் ஒரு வண்டி போகிறது என்று பின்னால் வருகிறவனுக்குச் சொல்லிவிடும். எர்த்துக்கு அந்தச் சலுகை கிடையாது. மற்ற பின்களில் போகும் கரண்ட் எல்லாம் அந்த ஒரே வெள்ளை ஒயர் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்பவேண்டும். இந்தக் கலையின் முக்கால் பங்கு அந்த ஒயரில் இருக்கிறது.

தேர்ந்த எலெக்ட்ரீசியன் வந்ததும் ஸ்க்ரூடிரைவரைத் தேடமாட்டார். டிரைவரைச் சீட்டில் ஏறச்சொல்லிவிட்டு டிரெய்லரின் பின்னால் போய் நிற்பார். “பார்க்கிங் போடுங்கண்ணா… லெஃப்ட் இண்டிகேட்டர்… நிறுத்துங்க. இப்ப பிரேக்கை மிதிங்க… விடுங்க… திருப்பி மிதிங்க.” அவ்வளவுதான் பேச்சு. எது எரியவில்லை என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். எரியக்கூடாதது எது எரிகிறது என்பதில் அவர் கண் இருக்கும்.

எரியாத விளக்கு கொஞ்சம்தான் சொல்லும். ஒரே ஒரு விளக்கு அணைந்திருந்தால் பல்போ ஹோல்டரோ. ஒரு பக்கம் முழுக்க அணைந்திருந்தால் அந்தப் பக்கத்து ஒயர், பின் அல்லது பியூஸ். டெயில் பளிச்சென்றும் பிரேக் மங்கலாகவும் எரிந்தால் பல்பை மாற்றிச் செருகியிருக்கிறார்கள். 21 வாட், 5 வாட் என இரண்டு இழை உள்ள பல்பின் பக்கவாட்டு முளைகள் ஒன்று மேலே, ஒன்று கீழே இருப்பது அந்தத் தவறைத் தடுக்கத்தான்; தேய்ந்த ஹோல்டரில் பலவந்தமாகத் திருகினால் அதுவும் நுழைந்துவிடும்.

உண்மையான விருந்து வேறு. பார்க்கிங் விளக்கு எரிகிறது. பிரேக்கை மிதித்தால் பிரேக் விளக்கு எரியவேண்டியதிருக்க, எரிந்துகொண்டிருந்த டெயில் விளக்கும் சேர்ந்து அணைகிறது. டிரைவருக்கு இது பேய் வேலை. ஒயர் எங்கோ மாறிவிட்டது என்று கற்றுக்குட்டி டேப்பைப் பிரிக்கத் தொடங்குவான். மூத்தவர் சிரிப்பார், ஏனென்றால் விடை கைக்கு வந்துவிட்டது: எர்த் இல்லை.

காரணம் அழகானது. டெயில் இழையைக் கடந்த கரண்ட் திரும்பிப் போக வெள்ளை ஒயரைத் தேடுகிறது, அது அறுந்திருக்கிறது. ஆனாலும் கரண்ட் நிற்பதில்லை. மெயின் ரோட்டை அடைத்தால் ஊருக்குள் புகுந்து சந்து சந்தாகப் போகும் பஸ்ஸைப்போல, அதே பல்பின் பிரேக் இழைக்குள் நுழைந்து, சிவப்பு ஒயர் வழியே பின்னோக்கி ஓடி, முன்வண்டியின் பிரேக் பல்பைக் கடந்து அதன் சேஸிஸைச் சேர்ந்துவிடுகிறது. பிரேக் இழை தடிமனானது, அதன் மின்தடை குறைவு. ஆகவே டெயில் விளக்கு ஏறக்குறைய ஒழுங்காகவே எரியும். பிரேக்கை மிதித்த கணம் சிவப்பு ஒயரிலும் 24 வோல்ட் வந்து நிற்கிறது. இரண்டு முனையிலும் ஒரே அழுத்தம் இருந்தால் நடுவில் கரண்ட் ஓடாது. விளக்கு அணைகிறது. ஒரு ஒயரும் மாறவில்லை. திரும்பும் வழிதான் அடைபட்டிருக்கிறது. இண்டிகேட்டர் போட்டால் டெயில் விளக்கும் கூடவே மினுக்குவது இதே கதையின் இன்னொரு பக்கம்.

ஓடும்போது மட்டும் மினுக்கி, நிற்கும்போது சரியாக எரிகிற டிரெய்லரும் உண்டு. முன்வண்டியும் டிரெய்லரும் இரும்போடு இரும்பாக உரசும் இடம் கிங் பின் மாட்டியிருக்கும் தட்டு. எர்த் ஒயர் போய்விட்டால் கரண்ட் அந்தக் கிங் பின் வழியாகத் திரும்பப் பார்க்கும். அங்கே கிரீஸ் அப்பியிருக்கிறது. வளைவில் இரும்பு இரும்பைத் தொடும், நேர்ரோட்டில் கிரீஸ் இடையில் வரும். விளக்கு அதற்கேற்ப ஆடும். வண்டி சேலம் தாண்டியதும் கெடுகிறது, கரூர் வந்தால் சரியாகிவிடுகிறது என்று டிரைவர் சொல்லும்போது கேலி செய்யாமல் கேட்டுக்கொள்கிற எலெக்ட்ரீசியனை நான் மதிப்பேன்.

காதுக்கும் வேலை உண்டு. இண்டிகேட்டரின் டிக் டிக் சத்தம் நிமிடத்துக்கு 60 முதல் 120 வரை இருக்கவேண்டும். எலெக்ட்ரானிக் பிளாஷர் உள்ள வண்டியில் அது திடீரென்று பறந்தால் எங்கோ ஒரு பல்பு கரண்ட் எடுக்கவில்லை. சூட்டில் வளையும் பழைய பிளாஷரில் நேர்மாறு: பல்பு போனால் சத்தம் தூங்கி வழியும் அல்லது நின்றேவிடும்.

அடுத்தது கருவி. இங்கே ஏழ்மையானதுதான் சிறந்தது. ஒரு ஹோல்டர், அதில் 21 வாட் பல்பு, இரண்டு ஒயர், ஒன்றின் நுனியில் முதலை கிளிப், மற்றதில் ஊசி. இதுதான் டெஸ்ட் லாம்ப். டிஜிட்டல் மீட்டர் வாங்க முடியாததால் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கக்கூடாது. சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்தடை சுமார் ஒரு கோடி ஓம். அது கரண்டைக் கேட்பதே இல்லை, எட்டிப் பார்ப்பதோடு சரி. துருவேறி ஆயிரம் ஓம் தடை உள்ள இணைப்பிலும் 24 வோல்ட் என்று காட்டும். அந்த இணைப்பிலிருந்து விளக்கு எரியவே எரியாது. டெஸ்ட் லாம்ப் உண்மையான சுமையைத் தூக்கச்சொல்கிறது. பொய் அந்த இடத்திலேயே வெளிப்படுகிறது. மீட்டருக்கும் அதன் வேளை உண்டு. எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, டிரெய்லர் விளக்கின் எர்த்துக்கும் முன்வண்டி பேட்டரியின் நெகட்டிவுக்கும் நடுவே வைத்தால் பூஜ்யத்தை ஒட்டி நிற்கவேண்டும். இரண்டு, மூன்று வோல்ட் ஏறினால் வழியில் ஒரு திருடன் இருக்கிறான். பல்புக்கு வரும் வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும்.

பிறகு தேடல். நாற்பதடி டிரெய்லரில் ஒரு முனையிலிருந்து தடவிக்கொண்டே போவது கூலியைக் கூட்டும் வழி. கைதேர்ந்தவர் முதலில் பிளக்கைக் கழற்றி முன்வண்டியின் சாக்கெட்டில் டெஸ்ட் லாம்பை வைப்பார். அங்கே எல்லாம் சரியென்றால் பாதி வண்டி விசாரணையிலிருந்து விடுபடுகிறது. அடுத்து டிரெய்லரின் ஜங்ஷன் பாக்ஸ்; மிச்சத்தில் பாதி கழிகிறது. எர்த்தில் சந்தேகம் என்றால் விளக்கின் எர்த்திலிருந்து முன்வண்டி சேஸிஸுக்கு ஒரு தனி ஒயரைத் தொட்டுக் காட்டுவார். தொட்டதும் மொத்த விளக்கும் பளிச்சென்று நேராகும் அந்தக் கணத்துக்காக நான் எவ்வளவு நேரமும் வெயிலில் நிற்பேன்.

குற்றவாளி பெரும்பாலும் அற்பமானது. பெயின்ட்டின்மேல் முடுக்கிய எர்த் ஸ்க்ரூ. பிளவு இறுகிப்போன பித்தளைப் பின். முறுக்கி டேப் சுற்றிய பழைய ஜாயின்ட்; மழைநீர் அதற்குள் புகுந்து, செம்பு இழைகளுக்கிடையே ஏறி, மேலுறை புதிதாகத் தெரியும்போதே உள்ளே பச்சை பிடித்திருக்கும். சரிசெய்வதிலும் தரம் தெரியும். இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, லக் வைத்து அழுத்தி, முடுக்கியபின் வாஸ்லின் தடவுகிறவர் ஒரு ரகம். முடுக்கிவிட்டுப் போகிறவர் இன்னொரு ரகம்; அவரை அடுத்த ஐப்பசி மழையில் மறுபடி பார்க்கலாம்.

எல்இடி வந்தபின் இந்தக் கலை செத்துவிடும் என்றார்கள். இன்னும் நுணுக்கமாகியிருக்கிறது. எல்இடி மிகக் குறைந்த கரண்ட் எடுப்பதால் பிளாஷர், பல்பு போய்விட்டதென்று நினைத்துப் பறக்கிறது. புதிய வண்டிகளின் கணினி, பல்பு இருக்கிறதா என்று பார்க்க அனுப்பும் சின்னத் துடிப்பில் எல்இடி தானாக மினுக்குகிறது. ஒரு லாபமும் உண்டு: இழை பல்பைவிட எல்இடி சுமார் 0.2 நொடி முந்தி ஒளிர்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறவனுக்கு அது நாலு மீட்டருக்கும் மேல். எர்த் மட்டும் சரியில்லையென்றால் எந்த விளக்கு போட்டும் அந்த நாலு மீட்டர் கிடைக்காது.

இவ்வளவு ரசித்தபின் ஒரு குறை சொல்லவேண்டும். குறை எலெக்ட்ரீசியன்மேல் இல்லை, கூலி கொடுக்கிற நம்மேல். யோசித்துப் பார்த்து, பத்து நிமிஷத்தில் கோளாறைப் பிடித்தவரிடம் “ஒரு ஸ்க்ரூவைத்தானே தேய்ச்சீங்க” என்று பேரம் பேசுகிறோம். எதுவும் புரியாமல் நாற்பதடிக்கும் புது ஒயர் இழுத்தவருக்குக் கேட்டதைக் கொடுத்துவிட்டு வருகிறோம். நல்ல எலெக்ட்ரீசியனை அறிய, அவர் பிரிக்காமல் விட்ட டேப்பைப் பார்க்கவேண்டும். அதற்கும் சேர்த்து அவர் கையில் பணம் வைப்பவனைத்தான் இந்தக் கலையின் ரசிகன் என்பேன்.